முகத்துவாரத்தில் உரைத்த பெயர்கள்

ஏரிக்கரை, பழவேற்காடு
விய ஆண்டு, ஆடித் திங்கள் 18

கோட்டைத் துபாசி நீலமேகம் காண்க.

உன் அக்காள் காசியம்மாள் எழுதுகிறேன். உன் நலம் கேட்க இந்த ஓலை வரவில்லை. வழக்கு உரைக்க வருகிறது.

இரண்டு ஆண்டுகளாக வானம் பொய்த்து, ஏரி வற்றி, உப்புப் பூத்துக் கிடக்கிறது. படகுக்காரர்களுக்காவது பாடு இருக்கிறது. எந்த ஊர் எந்த நீரில் வலை வீசுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கும் நம் மக்களுக்குச் சீட்டும் இல்லை, முறையும் இல்லை, இப்போது இறாலும் இல்லை. அந்த வேளை பார்த்துத்தான் தரகன் சுப்பன் நம் குடிசைகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தான்.

"கோட்ட மதிலு சரிஞ்சி கெடக்குது. மண்ணு சொமந்தா நாளுக்கு ஒரு படி அரிசி. இன்னா யோசிக்கிறீங்க? இங்க கெடந்து செத்தா எவன் கேக்கப் போறான்?" என்றான்.

நாற்பத்தொரு பேர் நடந்து போனார்கள். என் கணவரும் போனார். பதினொரு நாள் மண் சுமந்தார்கள். பன்னிரண்டாம் நாள் இருவர் இருவராகக் காலைப் பிணைத்துக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, சலங்கில் ஏற்றினார்கள். கயிற்றால் தைத்த அந்தப் படகுகள் முகத்துவாரத்து அலையைக் கடந்து, கோட்டையை ஆளும் உலாந்தாக்கார வெள்ளையரின் கப்பலில் அவர்களைச் சேர்த்துவிட்டு, வெறுமையாகத் திரும்பின. நான் மணலில் நின்று கூவினேன். அலையின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கோட்டைச் சமையற்கட்டுக்கு நண்டு விற்கும் முத்தம்மாள் நேற்று வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "கப்பல்ல ஏத்தறதுக்கு முன்ன ஒவ்வொருத்தரையும் கூப்ட்டு, நீயாத்தான் வர்றியான்னு கேட்டு எழுதிக்கிறாங்க காசி. கேக்கறது வேற யாருமில்ல. உன் தம்பிதான்."

காட்டூர் ஆசானுக்கு ஓலை வெட்டிக் கொடுத்து, கூலிக்கு மாற்றாக நம் இருவருக்கும் எழுத்து வாங்கித் தந்தாரே நைனா, அது இதற்குத்தானா?

எனக்கு மூன்று விடைகள் வேண்டும். நீ அவரைக் கேட்டாயா? அவர் என்ன சொன்னார்? சாவகத் தீவுக்கு அவரை எந்தப் பெயரில் அனுப்பினீர்கள்? கடல் தாண்டிப் போய்வரும் மாலுமிகளிடம் நான் அவரைத் தேடச் சொல்லவேண்டும். தேடுவதற்கு எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

காசியம்மாள்

கோட்டை
ஆடித் திங்கள் 24

அன்புள்ள அக்காளுக்கு நீலமேகம் வணக்கம்.

முத்தம்மாளின் நண்டுக் கூடையில் உன் ஓலை கிடைத்தது. நான்கு முறை படித்தேன். சுருட்டி வைத்தேன். மீண்டும் படித்தேன்.

நீ நினைப்பதுபோல் இங்கே எதுவும் என் கையில் இல்லை. ஒருவர் தாமே இசைந்தாலன்றிக் கப்பலில் ஏற்றலாகாது என்பது உலாந்தாக்காரரின் சட்டம். அந்த இசைவைக் கேட்டுத் தளபதிக்குச் சொல்வது துபாசியின் வேலை. இந்தப் பக்கம் வரும் சொல்லை அந்தப் பக்கம் சேர்க்கிறேன். நான் ஒரு நாக்கு மட்டுமே, அக்கா. வாய் வேறொருவருடையது.

சடையன் மாமாவையும் முறைப்படியே கேட்டோம். அவர் தலையசைத்தார்.

பெயரைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அந்த ஏடு தளபதியின் பெட்டியில் இருக்கிறது. நான் பார்க்க முடியாது.

இரண்டு மரக்கால் அரிசி முத்தம்மாளிடம் கொடுத்திருக்கிறேன். உண்டு உயிரோடு இரு. இனி இதைப் பற்றி எழுதாதே. ஓலை பிடிபட்டால் உனக்கும் கேடு, எனக்கும் கேடு.

உன் தம்பி
நீலமேகம்

ஏரிக்கரை
ஆடித் திங்கள் 30

நீலமேகம் காண்க.

நாக்கு மட்டுமே என்கிறாய். நாக்குக்கு அடியில் ஒரு நெஞ்சு இல்லையா? நாக்கை அறுத்து ஓலைக்கட்டில் செருகியா வைத்திருக்கிறான் உன் தளபதி?

உன் அரிசியைத் திருப்பி அனுப்பவே எண்ணினேன். ஆனால் நாற்பத்தொரு வீடுகளிலும் அடுப்பு அணைந்து கிடக்கிறது. பங்கிட்டுக் கொடுத்தேன். அனுப்பியவன் எவன் என்பதையும் சொல்லியே கொடுத்தேன். இருவர் அரிசியின்மீது காறி உமிழ்ந்தார்கள். பிறகு அதைக் கழுவி உலையில் இட்டார்கள். பசி எங்களை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன்.

அவர் தலையசைத்தார் என்கிறாய். பதினான்கு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தவள் நான். "எங்க பாட்டுல எறங்கித் தடவாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று படகுக்காரர்கள் துடுப்பை ஓங்கியபோது, இடுப்பளவு நீரில் நிமிர்ந்து நின்று, "இந்தத் தண்ணிய உங்க நைனாவா கொண்ணாந்து ஊத்தினாரு?" என்று கேட்டவர் அவர். அன்று பட்ட அடியில் இடத்தோள் இறங்கிவிட்டது. அப்போதும் தலை இறங்கவில்லை. அந்தத் தலை உன் எதிரில் அசைந்தது என்றால் நான் நம்பமாட்டேன்.

கேள். நான் மூவரைப் பழி வாங்குவேன். பிடித்துக் கொடுத்த சுப்பன். ஏற்றிச் சென்ற படகுக்காரர். எழுதிக் கொடுத்த நீ. எவர் முதலில் என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உண்மையை எழுதினால் நீ கடைசியாய் இருப்பாய்.

பிடிபடுவதைப் பற்றி என்னை அச்சுறுத்தாதே. என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள இனி அவர்களுக்கு எதுவும் இல்லை.

காசியம்மாள்

கோட்டை
ஆவணித் திங்கள் 9

அக்கா,

பொய் எழுதினேன். உள்ளதை எழுதுகிறேன். படித்துவிட்டு எரித்துவிடு, அல்லது ஊரறியப் படி. உன் விருப்பம்.

தளபதி என்னிடம் சொல்லச் சொன்ன கேள்வி, "உன் விருப்பத்தோடு கடல் கடக்கிறாயா?" என்பது. நான் அவர்களிடம் கேட்ட கேள்வி அதுவன்று. "சோறு வேணுமா?" என்று கேட்டேன். பதினொரு நாள் அரைவயிற்றோடு மண் சுமந்தவர்கள், "வேணும் சாமி" என்றார்கள். நான் தளபதியைப் பார்த்து அவன் மொழியில், "இசைகிறான்" என்றேன். இப்படி நாற்பது முறை.

நாற்பத்தோராவதாக மாமா வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மச்சான்! நீ இங்கதான் கீறியா? அப்ப இன்னா பயம்!" என்றார். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "எங்க வூட்டு ஆளுய்யா" என்று பெருமையாகச் சொன்னார். அவரிடம் நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேட்காமலே, "இசைகிறான்" என்றேன்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு முந்திய நாள் சுப்பன் என் தோளில் கை வைத்துச் சொன்னான்: "நீயும் அந்தக் குடிச ஆளுதானே நீலமேகம்? சட்டையக் கழட்டினா நீயும் தடவறவன்தான். அடச்சி வைக்கிற கொட்டாய்ல உனக்கும் எடம் கீது, பாத்துக்க." அவ்வளவே. என்னை எவனும் அடிக்கவில்லை. கட்டி வைக்கவும் இல்லை. ஒரு கை தோளில் விழுந்தது, நான் விழுந்துவிட்டேன்.

அந்த ஏட்டைப் பார்க்க முடியாது என்று எழுதியதும் பொய். அதை எழுதியவனே நான். நாற்பத்தொருவருக்கும் அவர்கள் மொழியில் புதுப் பெயர் வைத்தார்கள். சிலருக்குத் திங்களின் பெயர். சிலருக்கு அவர்கள் நாட்டு ஊர்களின் பெயர். அத்தனையும் என் நினைவில் இருக்கின்றன. மாமாவுக்கு வைத்த பெயரை மட்டும் கேட்காதே. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. கொட்டகையில் மீண்டும் ஆள் சேர்க்கிறார்கள். காட்டூர்ப் பக்கத்திலிருந்தும் மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்தும் அறுபத்திரண்டு பேர். வாடைக்காற்று தொடங்குமுன் இன்னொரு கப்பல் வரும்.

நீலமேகம்

ஏரிக்கரை
ஆவணித் திங்கள் 14

எரிக்கவில்லை. நாற்பத்தொரு வீட்டு வாசலிலும் உரக்கப் படித்தேன். "எங்க வூட்டு ஆளுய்யா" என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அடுத்த வீட்டில் அதே இடத்தைக் குரல் நடுங்காமல் படித்தேன். சினம் மூத்தால் குரல் தானே உறுதிப்படும் போலும்.

இனி நீ எனக்குச் செய்யவேண்டியது ஒன்றே. கப்பல் வந்து, ஆள் ஏற்றும் நாளை முன்கூட்டி எழுது. எந்தச் சலங்கு முதலில் போகும் என்பதையும் எழுது. எப்படியாவது சுப்பனை அதில் ஏற்று.

சலங்குக்கு ஆணி கிடையாது என்பது உனக்குத் தெரியும். பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். அடிப்பக்கம் நான்கு தையலை அறுத்து, மேலே சேறு பூசிவிட்டால் கரையில் தெரியாது. முகத்துவாரத்தில் முதல் அலை அறையும்போது வாழைமட்டை பிரிவதுபோல் பிரியும். ஏற்றிச் சென்றவனும் பிடித்துக் கொடுத்தவனும் ஒரே நீரில் போகட்டும்.

என் கணவரின் பெயரையும் எழுது. கை வரவில்லை என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை. ஏட்டில் எழுத வந்த கைதானே அது?

காசியம்மாள்

கோட்டை
ஆவணித் திங்கள் 27

அக்கா, வேண்டாம். உன் ஓலை எனக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. முத்தம்மாள் காய்ச்சலில் கிடந்தாளாம்.

சுப்பன் ஒருநாளும் சலங்கில் ஏறமாட்டான். மணலில் குடை பிடித்து நின்று கையாட்டுவதோடு அவன் வேலை முடிந்தது. சலங்கில் இருப்பவர்கள் கால் பிணைக்கப்பட்டவர்கள். படகுக்காரன் நீந்திக் கரையேறுவான். இவர்கள் இருவர் இருவராய் அடியில் போவார்கள். நீ அறுக்கப் போவது அவர்களின் கழுத்தை.

கொட்டகையில் மேரி என்று ஒரு பெண் இருக்கிறாள். மீஞ்சூரில் நாற்று நட்டவள். பறங்கிச் சாமியாரிடம் திருமுழுக்குப் பெற்றவள். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், "துபாசி ஐயா, எங்கள எங்க கூட்டினு போறாங்க?" என்று கேட்கிறாள். நான் விடை சொல்லாமல் நடக்கிறேன். அவளையும் அமிழ்த்தித்தான் உன் பழி தீரவேண்டுமா?

உன்னைத் தொழுது கேட்கிறேன். தையலைத் தொடாதே.

நீலமேகம்

ஏரிக்கரை
புரட்டாசித் திங்கள் 2

நீலமேகம் காண்க.

உன் ஓலை வரும்போது நான் இரண்டு தையலை அறுத்து முடித்திருந்தேன்.

அவர்களின் கால்கள் பிணைக்கப்பட்டிருந்ததை என் கண்ணால் கண்டவள் நான். கண்டிருந்தும் அதை மறந்து கத்தியைத் தீட்டினேன். சினம் கண்ணை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு நானே சான்று. இதை உன்னிடம் ஒப்புக்கொள்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் நடந்தது வேறு. அதைக் கேள்.

பட்டப்பகலில், படகுக்காரர்கள் வலை உலர்த்தப் போயிருந்த நேரத்தில், கவிழ்த்து வைத்த சலங்கின் அடியில் புகுந்திருந்தேன். என் காலைப் பிடித்து எவரோ இழுத்தார்கள். தண்டல் செங்கல்வராயன். முன்னின்று துடுப்பைப் பிடித்து, அந்தச் சலங்கை அலையில் ஓட்டுபவர் அவரே.

"இன்னாம்மா பண்றே எம் படகாண்ட?"

"தெரியலியா? அறுக்கறேன்."

"கோட்டக்காரன் மேல கோவம்னா கோட்டைல போய் அறேன். எம் படகு இன்னா பண்ணுச்சி உன்ன?"

"எம் புருசன ஏத்தினு போச்சி."

அவர் கத்தியைப் பிடுங்கித் தொலைவில் எறிந்தார். "சரக்கு ஏத்தச் சொன்னாங்க, ஏத்தினோம். துணி மூட்டையும் ஏத்தறோம். பொழப்பும்மா."

அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. முகத்துவாரம் தாண்டுமுன் படகில் ஏறிய ஒவ்வொருவரிடமும் தண்டல் பெயர் கேட்பார் அல்லவா? பெயர், நைனா பெயர், ஊர். கேட்ட பெயரை அலையைப் பார்த்து உரக்கச் சொல்வார். அப்படிச் சொன்ன தலைக்கு அவரே பொறுப்பு. அந்தத் தலையைத் திரும்பக் கரையில் விடாமல் வந்தால், மறுபடி ஆளை ஏற்றி முகத்துவாரம் தாண்ட அவர் துடுப்பைத் தொடக்கூடாது. ஏரியில் இறங்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்.

"எம் புருசன் பேரக் கேட்டியா?" என்றேன்.

அவர் அறுந்த தையலைத் தடவிப் பார்த்தார்.

"நாப்பத்தோரு தல ஏறிச்சே உங்க படகுங்கள்ல. ஒருத்தர் பேராவது கேட்டியா?"

"சரக்குக்குப் பேர் கேக்கறதில்ல," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்தார்.

நீலமேகம், மணமான நாள் முதல் நான் என் கணவரின் பெயரை வாயால் சொன்னதில்லை. நம் பெண்கள் எவரும் சொல்வதில்லை. அன்று சொன்னேன். "சடையன். முனியன் மகன். ஏரிக்கர" என்று, வலை உலர்த்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கூவினேன். செங்கல்வராயன் இரு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, அந்தச் சலங்கின்மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லிட்டியே," என்றார். "இனிமே நான் இன்னா பண்ணுவேன்?"

"இன்னும் அறுவத்திரண்டு தல வருது. அதுங்க பேரையும் கேளு."

"நாங்களா கேக்க மாட்டோம்மா. கேட்டா கோட்டக்காரன் எங்க பாட்டப் புடுங்கிடுவான். ஆனா எவனாவது சொல்லி எங்க காதுல வுழுந்துடுச்சின்னா, வுழுந்ததுதான். அப்புறம் எவன் வந்து சொன்னாலும் ஒருத்தனும் துடுப்பத் தொடமாட்டான்."

அறுபத்திரண்டு பேரின் பெயரும் ஊரும் தெரிந்தவன் இந்தக் கரையில் ஒருவனே. பறிக்கப்பட்ட பெயரைத் திருப்பிக் கொடுப்பது உன் கடன். மணலில், தளபதியின் எதிரில், சுப்பனின் குடைக்குக் கீழே, அலையை மீறி ஒலிக்கும் குரலில் நீ சொல்லவேண்டும்.

சொல்லாவிட்டால், அறுபத்து மூன்றாவது பெயராக உன் பெயரை நான் மறந்துவிடுவேன்.

காசியம்மாள்

கோட்டை
புரட்டாசித் திங்கள் 9

அக்கா,

கப்பல் தெரிகிறது. பன்னிரண்டாம் நாள் காலை ஆள் ஏற்றுவார்கள். மணலில் துணிப் பொதிகளையும் இறக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் ஆள், பிறகு பொதி.

என் குரல் வெளியே வருமா என்று தெரியவில்லை. பிறர் சொற்களைச் சொல்லிச் சொல்லி, என் சொல் எது என்று தேடவேண்டியிருக்கிறது. இன்று தனியறையில் சுவரைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிப் பார்த்தேன். எலி ஒன்று ஓடியது.

வருவேன் என்று எழுத அஞ்சுகிறேன். வரமாட்டேன் என்று எழுதவும் முடியவில்லை.

நீலமேகம்

கொட்டகை
புரட்டாசித் திங்கள் 15

அக்கா,

எழுத்தாணி இல்லை, நண்டின் கால்நுனியால் கீறுகிறேன். சுவரடியில் நீர் போகும் துளை வழியாக முத்தம்மாள் இதை எடுத்துக்கொள்வாள். எழுத்துக் கோணலாய் இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ தொலைவில் நின்றாய். எல்லாம் உன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. தளபதி என்னிடம், "ஏற்றச் சொல்" என்றான். நான் படகுக்காரர்கள் பக்கம் திரும்பினேன். "மேரி. சூசை மகள். மீஞ்சூர்" என்றேன். முதலில் குரல் கரகரத்தது. இரண்டாவது பெயரை உரக்கச் சொன்னேன். ஐந்தாவது பெயர் வரும்வரை, நான் வேலையைத்தான் செய்கிறேன் என்று தளபதி நினைத்தான். சுப்பனுக்குப் புரிந்துவிட்டது. "டேய், அவன் வாயப் பொத்துங்கடா!" என்று குடையை வீசிவிட்டு ஓடிவந்தான்.

பன்னிரண்டாவது பெயரில் என் வாயில் துணியைத் திணித்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பதின்மூன்றாவது ஆள், காட்டூர் உழவர் ஒருவர், தன் பெயரைத் தானே சொன்னார். அவருக்கு அடுத்தவர் சொன்னார். மேரி, பேச நா எழாத ஒரு கிழவருக்காக அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். கால் பிணைந்து நின்ற அத்தனை பேரும் கூவினார்கள். அறுபத்திரண்டு வாய்க்குத் திணிக்க அவர்களிடம் துணி இல்லை.

செங்கல்வராயன் துடுப்பை மணலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வீரன் ஒருவன் அவர் மார்புக்கு நேரே துப்பாக்கியைப் பிடித்தான். "சுடு ராசா, சுட்டுட்டு நீயே துடுப்பு போடு. அந்த அலையப் பாத்துக்க, அது உங்க ஊரு அல இல்ல" என்றார். அதை மொழிபெயர்க்க அங்கே எவரும் இல்லை. என் வாயில் துணி இருந்தது. அக்கா, நான் சிரித்துவிட்டேன்.

இப்போது அறுபத்து மூன்றாமவனாக இங்கே கிடக்கிறேன். நேற்றுத் தளபதி வந்தான். படகுக்காரர்கள் என் ஒருவனைக் கப்பலில் சேர்த்தால் மற்றவர்களைத் திறந்து விடுவானாம். அவர்களின் மீன்பிடிப் பாட்டிலும் கை வைக்கமாட்டானாம். நான் ஒப்புக்கொண்டேன். நீ செங்கல்வராயனிடம் சொல். என்னைக் கொடுத்துவிடு. மாமா போன வழியில் நானும் போகிறேன். அதுவே எனக்குத் தகும். உன் பழியும் தீரும்.

போவதற்கு முன் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமாவின் முறை வந்தபோது தளபதிக்குப் பெயர்கள் தீர்ந்துபோயின. சிரித்துக்கொண்டே, ஆடியில் செத்துப்போன தன் வேட்டை நாயின் பெயரை வைக்கச் சொன்னான். நான் எழுதினேன். அதுதான் என் கை எழுத மறுத்த பெயர். இப்போதும் மறுக்கிறது.

நீலமேகம்

ஏரிக்கரை
புரட்டாசித் திங்கள் 20

நீலமேகம் காண்க.

உன் வேண்டுகோளைப் படகுக்காரர் கூட்டத்தில் படித்தேன். மறுக்கப்பட்டது. மறுத்தவள் நான்.

அந்தக் கூட்டத்துக்குள் நம் குடிசைப் பெண் ஒருத்தி நுழைந்தது அதுவே முதல் முறை. "பாடு இல்லாதவளுக்கு இங்க இன்னா பேச்சு?" என்று ஒருவர் கேட்டார். "உங்க பாட்டக் கேக்க நான் வரல. அதுக்கு இன்னொரு நாள் வருவேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள். செங்கல்வராயன் சிரிக்கவில்லை.

நான் அவர்களிடம் சொன்னது இதுதான். மணலில் கிடப்பது துணிப்பொதி. வடக்கே கொண்டல் கறுக்கிறது. வாடை தொடங்கிவிட்டால் கப்பல் நங்கூரத்தோடு உடையும். துணி நனைந்தால் அவன் அழுவான்; ஆள் போனால் அழமாட்டான். எனவே அவன் எதற்கு அழுவானோ அதைத் தொடாதீர்கள். ஒருவனைக் கொடுத்து அறுபத்திரண்டு பேரைக் கேட்டால் நாளை அவன் இன்னும் ஒருவனைக் கேட்பான். அறுபத்து மூன்று தலைகளும் வெளியே வந்தால் பொதி ஏறும். ஒன்று குறைந்தாலும் ஒரு பொதியும் ஏறாது.

நான்கு நாள் இழுத்தான். நேற்று மழைத்துளி விழுந்தது. இன்று உச்சிப்பொழுதில் கொட்டகைக் கதவு திறந்தது. மேரியும் மற்றவர்களும் கரைக்கு வந்தார்கள். இது உனக்குத் தெரியும். உன் கண்ணெதிரே நடந்தது. உன்னை மட்டும் நாளை வரை பிணையாக வைத்திருக்கக் கேட்டான்; கடைசிப் பொதி ஏறுமுன் உன்னை விடவேண்டும் என்பது உடன்பாடு. நாளைக் காலை நீ வெளியே வருவாய்.

சுப்பனைப் பற்றியும் சொல்கிறேன். அவன் வீடு ஏரிக்கு அப்பால் தீவில் இருக்கிறது. எட்டு நாளாக இந்தக் கரையில் நிற்கிறான். எந்தப் படகும் அவனை ஏற்றவில்லை. நேற்று என்னிடமே வந்து, "யம்மா, நீ சொன்னா கேப்பாங்க, ஒரே ஒரு வாட்டி" என்று கெஞ்சினான். செங்கல்வராயன் அவனைக் கூப்பிட்டு, "பேர் சொல்லு" என்றார். "சுப்பன்" என்றான். "காதுல வுழல" என்றார். அவன் இன்னும் உரக்கச் சொன்னான். கரையே திரும்பிப் பார்க்கும்படி தன் பெயரைக் கத்தினான். "வுழவேயில்லப்பா" என்று சொல்லிவிட்டு அவர் படகைத் தள்ளினார். இந்த ஏரி உள்ளவரை அவன் கரையிலேயே நிற்கலாம்.

படகுக்காரர்களின்மீது எனக்குள்ள பழி, அவர்கள் துடுப்பைப் போட்ட அன்றே தீர்ந்தது. எஞ்சியிருப்பவன் நீ.

கப்பலேறுவது உனக்குத் தகும் என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்டிருப்பது தண்டனை அன்று, தப்பித்தல். மாமா போன வழியில் போய், அவரைப்போல் துன்புற்று, உன் நெஞ்சை ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறாய். அந்த ஆறுதலை நான் உனக்குத் தரமாட்டேன். பன்னிரண்டு பெயரைச் சொன்னாய், நன்று. நாற்பத்தொரு பெயரை அழித்தாய். இந்தக் கணக்கில் எனக்குக் குழப்பம் இல்லை, உனக்கும் இருக்கவேண்டாம்.

நீ உயிரோடு இங்கே இருக்கவேண்டும். ஏனென்றால் நாற்பத்தொருவரின் புதுப் பெயர்கள் உன் ஒருவனிடமே உள்ளன. அவற்றைச் சொல்லித்தான் மாலுமிகளிடம் தேடச் சொல்லமுடியும். கோட்டைச் சட்டை இனி உனக்கு இல்லை. பறியைக் கடிக்கப் பழகிக்கொள். எங்களோடு இரு, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு இரு. உன்னை எவரும் அடிக்கமாட்டார்கள். உன்னோடு எவரும் பேசவும் மாட்டார்கள், கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு அன்றி.

நாளைக் காலை நான் உன்னை எதிர்கொள்ளக் கோட்டை வாயிலுக்கு வரமாட்டேன். ஏரிக்கரையில் முதல் வீடு என்னுடையது. வெளியே நின்று, உள்ளே இருக்கும் எனக்குக் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொல். அது நாயின் பெயராகவே இருக்கட்டும். அங்கே ஒருவன் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறான், அவர் திரும்பிப் பார்க்கிறார். ஆகையால் அது எனக்கு வேண்டும்.

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ.

காசியம்மாள்